விசிலின் கோபம்

பழைய சோபாவைப் பிரிக்கும்போது முதலில் அடியில் இருக்கும் கறுப்புத் துணியைக் கிழிக்க வேண்டும். கிழித்ததும் உள்ளே இருப்பது கொட்டும். ஹேர்பின், பேனா மூடி, பிஸ்கட் தூள், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். ஒருமுறை ஒரு பல் விழுந்தது. அதற்குப் பிறகு தூசு. அது கொட்டாது, எழும். ஒரு குடும்பம் பல வருஷம் உட்கார்ந்து எழுந்த தூசு. தோலும் முடியும் பஞ்சும் பூஞ்சையும் அரைபட்டு மாவாகக் கிடப்பது. பட்டறை வாசலின் வெயிலில் பார்த்தால் அழகாகக்கூட இருக்கும்.

இந்தத் தூசில்தான் அவன் பாதி வயதைக் கழித்திருந்தான்.

பட்டறை அவன் மனைவியின் அண்ணனுடையது. வேலை கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதலில் பிரிக்கும் வேலையைக் கொடுப்பார்கள். அது கைவந்த பிறகு ஸ்பிரிங் கட்டலாம். பிறகு ஃபோம் வெட்டலாம். கடைசியாகத்தான் துணியைத் தொட விடுவார்கள். அவன் எல்லாவற்றையும் கற்றான். முதலாளியின் தங்கையையும் கட்டிக்கொண்டான். பிரிக்கும் வேலை மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. அதற்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் அண்ணன், "மாப்ள கை சுத்தம் வேற எவனுக்கு வரும்? கட்டையில ஒரு கீறல் விழாதே" என்பார். கேட்கிறவர்களுக்குப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். பதில் சொல்ல அவனிடம் மூச்சு இருக்காது.

நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில் ஊதிக்கொண்டிருந்ததால் தெருவில் அவனுக்கு விசில் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அண்ணனைத் தவிர. "குக்கர்னா மூணாவது விசில்ல இறக்கிடலாம். நம்ம மாப்ளைய எப்ப இறக்குறதுன்னுதான் தெரியல" என்பார், துணி தேர்ந்தெடுக்க வந்தவர்கள் முன்னால். அவர்கள் சிரிப்பார்கள். விசிலும் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும்.

மூக்கும் ஒத்துழைத்ததில்லை. காலையில் எழுந்தால் தும்மல், பிறகு ஒழுகல், பிறகு அடைப்பு. வாயால்தான் மூச்சு விட்டான். வாசனை என்று மற்றவர்கள் சொல்வதை அவன் நம்பிக்கையில் ஏற்றுக்கொண்டிருந்தான்.

மனைவி வீட்டில் பட்டன் போடுகிறாள். சோபாவின் முதுகில் குழிகுழியாகப் பதிந்திருக்குமே, துணி போர்த்திய பட்டன்கள், அவை. துணியை வட்டமாக வெட்டி, பசை தொட்ட தகரச் சில்லின் மேல் வைத்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் பொருத்திக் கைப்பிடியை அழுத்தினால் ஒரு பட்டன் விழும். பட்டன் மெஷின் என்பார்கள். மெஷின் என்று சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஜன்னலோர மேசையில் அதைத் திருகி வைத்திருந்தாள். வெட்டிய துணிவட்டங்கள் ஒரு டப்பாவில், போர்த்திய பட்டன்கள் இன்னொரு டப்பாவில். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் கைப்பிடியின் சத்தம்தான் பகலெல்லாம் கேட்கும்.

அவர்களுக்குள் எந்தச் சண்டையும் முழுதாக நடந்ததில்லை. அவன் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவான். சட்டைப்பையிலிருந்து பம்ப்பை எடுத்து உறிஞ்சுவான். இன்ஹேலரை அவர்கள் பம்ப் என்றுதான் சொன்னார்கள். அதற்குள் அவன் சொல்லவந்ததை அவளே சொல்லி முடித்து, அதற்குப் பதிலும் சொல்லியிருப்பாள். "உங்க சண்டையையும் நானே போடணுமா?" என்பாள். வெளியாட்களிடமும் அப்படித்தான். வீட்டுச் சொந்தக்காரரானாலும் தண்ணீர் விடுகிறவனானாலும் அவன் தொடங்குவான், அவள் முடிப்பாள். அண்ணனிடம் மட்டும் அவன் தொடங்கியதே இல்லை. அதனால் அவள் முடிக்க வேண்டியும் வந்ததில்லை.

ஒரு விடுதியின் வரவேற்பறையிலிருந்து நீளமான சோபா ஒன்று வந்தது. மேலே குழாய் கசிந்து உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. கறுப்புத் துணியைக் கிழித்த கொஞ்ச நேரத்தில் அவன் உளியைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். பம்ப் அடித்தும் அடங்கவில்லை. ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து பார்த்தபோது அவன் உதடுகள் நீலமாக இருந்தன. பட்டனுக்கு வெட்டும் நீலத் துணிகளில் எந்த நீலம் இது என்று அந்த நேரத்திலும் அவள் மனது தேடியது. அதை நினைத்து அவள் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு மாஸ்க்கை மாட்டி, மருந்தை ஆவியாக்கும் மெஷினைப் போட்டார்கள். அது அறை முழுக்க இரைந்தது. டாக்டரம்மா அவளைக் கட்டில் ஓரமாக நிறுத்திப் பேசினார்.

"ஒரு மாத்திரை சேத்துத் தர்றேன். தெனமும் சாயங்காலம் ஒண்ணு. நெஞ்சுக்கும் மூக்குக்கும் சேத்துத்தான். ஆனா இது திணறல் வராம பாத்துக்குற மாத்திரை. வந்த திணறலை நிறுத்தாது. வந்தா பம்ப்தான் அடிக்கணும். காலையும் ராத்திரியும் அடிக்கிற அந்த இன்னொரு பம்ப்பையும் விட்டுடக் கூடாது."

"சரிங்க டாக்டர்."

"இன்னொண்ணு. சில பேருக்கு இது மனசைத் தொந்தரவு பண்ணும். கெட்ட கனவு, தூக்கம் கெடுறது, எரிச்சல், அழுகை, ஏன் இருக்கோம்னு தோணுறது. அந்த மாதிரி எதுனாலும் பாத்தீங்கன்னா காத்துக்கிட்டு இருக்காம வந்து சொல்லணும். அவர்கிட்டயும் சொல்லிடுங்க, இப்ப அவருக்குக் காது கேக்காது."

"சரிங்க."

அவள் அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் வெளுத்துக்கொண்டு வந்தது. வெளியே மருந்துச் சீட்டோடு நடக்கும்போது கேட்டதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் ஒன்று. திணறலுக்குப் பம்ப். மற்ற பம்ப்பை விடக் கூடாது. கடைசியாகச் சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அது வேறு யார் வீட்டுக்கோ சொன்னதாகத் தோன்றியது. அவருக்கு எரிச்சலா? இத்தனை வருஷத்தில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திச் சத்தம் போடாத மனுஷன்.

அவனிடம் அதைச் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்தது. முதலில் மூக்கு திறந்தது. பிறகு விசில் தேய்ந்து நின்றது. தூங்கும்போது சத்தமே இல்லாமல் போனதில் அவள் பயந்துபோய் எழுந்து அவன் மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாள்.

ஒரு காலையில் தேநீர் வாங்கும்போது அவள் கையைப் பிடித்து முகர்ந்தான்.

"உன் கையில பசை வாசனை அடிக்குது."

"எத்தனையோ வருஷமா அடிக்குது."

"நல்லாத்தான் இருக்கு."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் பட்டன் கோணலாகவே விழுந்தது.

ஒருநாள் மதியம் பட்டன் டப்பாவைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனாள். வாசலில் ஒரு பழைய சோபா இறங்கியிருந்தது. அவன் வெட்டு மேசைமேல் சாய்ந்து சுண்ணக்கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அது அண்ணனின் இடம்.

"மாப்ள, வெளிய ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்காரு, பாக்கலையா?" என்றார் அண்ணன், வாசல் சோபாவைக் காட்டி.

"பாத்தேன். காத்துக்கிட்டு இருக்கட்டும்."

"என்னது?"

"நீங்க பிரிங்க மச்சான். பிரிச்சு ரொம்ப நாளாச்சு, கை மறந்திருக்கும். எனக்கு இந்தத் தூசைத் தின்னது போதும். செத்தா நீங்களா வந்து மூச்சு விடப் போறீங்க?"

நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. ஒரே மூச்சில் வந்தது. அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் டப்பாவுக்குள் பட்டன்களைப் பார்த்தாள். முடித்து வைக்க எதுவும் பாக்கி இல்லை.

அண்ணன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிரித்தார். சாயங்காலம் வரை தும்மினார். "மாப்ளைக்கு மூச்சு வந்துடுச்சு, கூடவே ரோஷமும் வந்துடுச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். கொஞ்சம் மரியாதையும் இருந்தது அதில். அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சுட்டாரு" என்றாள்.

"ஜாக்கிரதை. எங்க வீட்டுல ஒருத்தர் ஆரம்பிச்சு இன்னும் நிறுத்தல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அதன் பிறகு கோபம் மச்சானோடு நிற்கவில்லை. துணியின் நிறம் மாறிவிட்டது என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே துணியை உதறினான். பட்டன் மெஷினின் சத்தத்தை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினால் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டான். கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். வளைந்த ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று ஒருநாள் பட்டறையில் எல்லோர் முன்னாலும் அழுததாக அண்ணன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவனுக்குக் கனவு வந்தது. எப்போதும் ஒரே கனவு. அவனை ஒரு சோபாவுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். நல்ல வேலை, கீறல் இல்லை, ஓரத்தில் பைப்பிங் தையல் நேராக இருக்கிறது. மேலே ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் அவசரமில்லை. எழுந்து போகவும் மாட்டேன் என்கிறார்கள். இதை அவளிடம் விடிந்த பிறகு, பல் துலக்கிக்கொண்டே சொன்னான். கண்களின் கீழ் கறுத்திருந்தது. தூங்கப் பிடிக்காமல் விடியும்வரை நடந்துகொண்டிருந்திருக்கிறான்.

"இந்த மாத்திரை தின்ன ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இதெல்லாம்" என்றான்.

அவள் அடுப்பைத் துடைத்தாள். "கனவு யாருக்குத்தான் வரல?"

"டாக்டரம்மாவைப் போய்க் கேட்டா என்ன?"

"கேக்கலாம். இந்த வாரம் பட்டன் நிறைய இருக்கு. முடிச்சுட்டுப் போலாம்."

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால்தான் தள்ளிப்போட்டாள். போனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். கோபக்காரனோடு வாழ்ந்துவிடலாம். அழுகிறவனோடும் வாழ்ந்துவிடலாம். அந்த நீலத்தை இன்னொரு முறை பார்க்க அவளால் ஆகாது.

அவன் காத்திருக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாத்திரை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டான். "இனிமே இது வேணாம். வந்தது வரட்டும்" என்றான். மறுநாள் அவன் பட்டறைக்குப் போன பிறகு கூடையிலிருந்து எடுத்துத் துடைத்துத் துணிவட்டங்களின் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

சில நாள் கழித்து விசில் திரும்பியது. முதலில் நூல் மாதிரி. விடிகிற நேரத்தில், அவன் புரண்டு படுக்கும்போது மட்டும். அவள் அதைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, பட்டன் மெஷினின் அச்சுகளுக்கு நடுவில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள். பட்டன் போடும்போது வரும் சத்தம்தான் வந்தது. பிரித்துப் பார்த்தபோது சந்தன நிறத்தில் தூளாக இருந்தது. பாலில் கொட்டிக் கலக்கி, சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டாள்.

"இதென்ன திடீர்னு பால்?"

"தூக்கம் வரும். குடிங்க."

குடித்தான். மறுநாளும் குடித்தான். விசில் அடங்கியது. அட்டை தீர்ந்ததும் அவளே போய் வாங்கினாள். பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவி, ஜன்னலோரம் உட்கார்ந்து பால் குடிப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த ஒரு நேரத்தில் மட்டும் அவன் முகம் கொஞ்சம் இளகியிருக்கும்.

மாத்திரையை விட்டுவிட்டோம், எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் காத்திருந்தான். அதை அவள் பார்த்தாள். காலையில் எழுந்ததும் தன்னைத் தொட்டுப் பார்க்கிறவன் மாதிரி சற்று நேரம் அசையாமல் கிடப்பான். போய்விட்டதா என்று பார்ப்பான். பிறகு முகம் மூடிக்கொள்ளும்.

சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. கோபம்கூடக் குறைந்தது. அது நல்லது என்று அவள் நினைக்க முயன்றாள். ஒருநாள் அண்ணன் வீடு தேடி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மாப்ள உளியெல்லாம் தீட்டி எண்ணெய் போட்டு என்கிட்ட குடுத்துட்டாரு. வச்சுக்கோங்கன்னு சொல்றாரு. என்னம்மா விஷயம்? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? இனிமே பிரிக்கவே வேணாம்னு சொல்லிட்டேன். அதுக்கும் சிரிக்கிறாரு."

"ஒண்ணுமில்லண்ணே. உடம்பு அசதியா இருக்கும்."

"மூச்சு நல்லாத்தானே இருக்கு?"

"மூச்சு நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் போன பிறகு அவள் வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் அன்று சீக்கிரம் வந்துவிட்டான். வெயில் இன்னும் மேசைமேல் இருந்தது. அவள் பால் கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கொஞ்ச நாள் உங்கண்ணன் வீட்டுல இரு."

"எதுக்கு?"

"என்னை எனக்கே பிடிக்கல. கூட இருக்குறவளுக்கு என்ன தலையெழுத்து?"

"என்ன பேச்சு இது? எல்லாம் சரியாகும்."

"ஆகாது. நான் பாத்துட்டேன்." அவன் குரலில் கோபம் இல்லை. துணி அளந்து சொல்வது போலச் சொன்னான். "மாத்திரையாலதான் இப்படின்னு நினைச்சேன். விட்டுட்டேன். எத்தனை நாளாச்சு? போகல. மூச்சு பாரு, மாத்திரை இல்லாமலே ஓடுது. அதனால மாத்திரை மேல பழி போட்டுப் பிரயோஜனம் இல்ல. இது நான்தான். இத்தனை நாள் திணறல் இருந்துச்சு, அதுக்குக் கீழ இது இருந்தது தெரியல. இப்ப மேல இருந்ததைக் கிழிச்சாச்சு, உள்ள இருக்குறது கொட்டுது."

அவள் மேசைமேல் கிடந்த துணிவட்டங்களை டப்பாவில் அள்ளிப் போட்டாள்.

"இப்படி ஒரு ஆளா இருக்குறதுக்கு இல்லாமப் போயிடலாம்னு தோணுது. நேத்தும் தோணுச்சு. சும்மா கோபத்துல சொல்லல."

சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்பதுபோல டம்ளரை எடுத்தான்.

"குடிக்காதீங்க" என்றாள் அவள்.

அவன் டம்ளரை வாயருகே பிடித்தபடி பார்த்தான். அவள் எழுந்து அதைக் கையிலிருந்து வாங்கினாள். கொஞ்சம் அவன் சட்டையில் சிந்தியது. தொட்டியில் கொட்டிவிட்டு வந்து நின்றாள். கையில் காலி டம்ளர்.

"நீங்க விடல. நான் விட விடல. அது இதுக்குள்ள இருந்துச்சு. தெனமும்."

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எப்படி?" என்றான்.

அவள் மெஷினைக் காட்டினாள். அவன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். கீழ் அச்சின் விளிம்பில் சந்தன நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"கசப்புகூட இல்ல."

"சக்கரை கூடப் போட்டேன்."

"தெரியும். பாசத்துல போடுறேன்னு நினைச்சேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் மெஷினின் கைப்பிடியை ஒருமுறை அழுத்தினான். அச்சு வெறுமனே அச்சில் இடித்தது.

"அப்ப இன்னும் அது உள்ளதான் இருக்கு."

"ஆமா."

"நேத்து தோணினது?"

"அதனாலயும் இருக்கலாம். அதனாலதான்."

"இப்ப உன் மேல கோபம் வருது. கொஞ்சமில்ல. இது யாரோடது? என்னோடதா, மாத்திரையோடதா?"

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியல" என்றான். "அதான் பயமா இருக்கு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவனுடையதையும் எடுத்து அவன் காலருகே வைத்தாள். "வாங்க. இப்பவே போலாம். ஆஸ்பத்திரி திறந்துதான் இருக்கும்." அவன் வந்தான். தெருவில் அவள் அவன் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவன் உதறவில்லை. சட்டையில் பால் சிந்திய இடம் காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

டாக்டரம்மா முதலில் அவனிடம் பேசினார். எல்லாவற்றையும் நேராகக் கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றியதா, எப்படி என்று யோசித்தானா, இப்போது தோன்றுகிறதா. அப்படி நேராகக் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் மறைக்காமல் பதில் சொன்னான். கேட்டதற்காகவே காத்திருந்தவன் மாதிரி இருந்தது. மனநல டாக்டர் ஒருவருக்கு அவரே போன் செய்து மறுநாள் காலைக்கு நேரம் வாங்கினார்.

"மாத்திரை இன்னியோட நிறுத்தம்" என்றார். "மூக்குக்கு ஸ்பிரே தர்றேன். பம்ப்ல அளவு மாத்துறேன். விசில் கொஞ்சம் திரும்பும், பயப்படாதீங்க, அதுக்கு வழி இருக்கு. அதிகமானா உடனே வரணும். மனசு சரியாக நாள் ஆகும். சிலருக்கு சீக்கிரம், சிலருக்கு இழுக்கும். அதுவரைக்கும் தனியா இருக்க வேணாம்."

"எல்லாருக்கும் இப்படி ஆகுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"ஆகாது. நிறையப் பேர் இதைச் சாப்பிட்டு நல்லா இருக்காங்க. யாருக்கு ஆகும்னு முன்னாடியே தெரியாது. அதனாலதான் சொல்லி அனுப்புறது." அவர் எழுதுவதை நிறுத்தினார். "நான் சொன்னேன்ல? மெஷின் ஓடிக்கிட்டு இருந்தப்ப?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"சொன்னீங்க" என்றாள்.

திரும்பி வரும்போது அவன் சட்டை முனையை அவள் பிடிக்கவில்லை. அவன் இரண்டடி முன்னால் நடந்தான். அவனை விட்டுவிடாத தூரத்தில் அவள் வந்தாள்.

அடுத்த வாரங்களில் அண்ணன் அவர்கள் வீட்டிலேயே வந்து படுத்தார். காரணம் கேட்கவில்லை. தரையில் பாயை விரித்துக்கொண்டு, "குறட்டை விடுவேன். மாப்ளைக்கு விசில் இல்லாத குறைய நான் தீத்துடுறேன்" என்றார். அந்த நாட்களில் முதன்முறையாக அவன் உதடு சிரிப்பில் அசைந்தது. கனவு ஒரேயடியாகப் போகவில்லை. சோபாவுக்குள் இருந்தான், ஆனால் தையல் விட்டிருந்தது. பிறகு ஒருநாள் கனவே இல்லாமல் எழுந்தான். அதைச் சொல்லாமலே அவன் சாப்பிட்ட விதத்தில் அவள் தெரிந்துகொண்டாள். இரண்டு நாள் நன்றாக இருப்பான். மூன்றாம் நாள் சுவரைப் பார்ப்பான். மனநல டாக்டரிடம் தானே போனான். வரும் வழியில் ஸ்பிரேயும் தானே வாங்கிக்கொண்டான். மருந்து டப்பாக்களில் உள்ள தாளைப் பிரித்து, பொடி எழுத்து முழுவதையும் படித்துவிட்டுத்தான் திறந்தான்.

விசில் திரும்பியிருந்தது. முன்பு போல இல்லை. கூர்ந்து கேட்டால் கேட்கும்.

அவன் மறுபடி பட்டறைக்குப் போகத் தொடங்கியதும் அண்ணன் உளிகளைத் திருப்பிக் கொடுத்தார். அவள் பட்டன் கொண்டுபோயிருந்தாள். வாசலில் ஒரு சோபா இறங்கியிருந்தது. அண்ணன் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்கம் அவரை இழுத்தது.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கோபம் மாத்திரையோடதுன்னு ஆயிடுச்சு. மாத்திரையும் நிறுத்தியாச்சு. மாஸ்க் கட்டிக்கிட்டு, மெதுவா, இத ஒண்ணு மட்டும்..."

விசில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். "இல்ல மச்சான். அது..." என்று தொடங்கினான். நடுவில் நின்றது. பையில் கை விட்டான். பம்ப்பை எடுத்து உதறி, உறிஞ்சி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். மற்றவர்களிடம் என்றால் இந்த இடத்தில்தான் அவள் முடித்து வைப்பாள். வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தது. அவள் டப்பாவின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

அவன் மூச்சை விட்டான். "பிரிக்க மாட்டேன்" என்றான். "அது மட்டும் என்னோடது."

சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவன் வந்து கைகால் கழுவினான். அடுப்பில் பாலை வைத்து, பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் கையால் எதையும் குடிப்பதில்லை. சோறு மட்டும், அவளும் அதே பாத்திரத்திலிருந்து போட்டுக்கொள்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடுவான். பார்க்காதது போலத்தான் பார்ப்பான். அவளும் முதலில் தன் தட்டில்தான் போட்டுக்கொள்வாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பட்டனை அச்சில் பொருத்தினாள். உள்ளேயிருந்து விசில் மெலிதாகக் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று கைப்பிடியில் கை வைத்தபடி இருந்தாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பம்ப்பைக் குலுக்கும் சத்தம். ஒரு சீறல். அதற்குப் பிறகு அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அமைதி.

அது முடியும்வரை அவள் கைப்பிடியை அழுத்தவில்லை.